இயக்குநரின் மொனிட்டரில் ஏன் இப்படித் தெரிகிறது? வயர்லெஸ் வீடியோ: வாசகர் கேள்வி பதில்

குறும்படம், பாடல் காட்சி, விளம்பரம், மண்டப நிகழ்ச்சி என்று கொழும்பில் கமராவோடு வேலை செய்பவர்கள் எழுதிய கடிதங்களில் இம்முறை வயர்லெஸ் வீடியோ பற்றியவையே அதிகம். கமராவில் மாட்டிய ட்ரான்ஸ்மிட்டர் பெட்டியிலிருந்து, மொனிட்டரோடு இணைத்த ரிசீவர் பெட்டிக்குப் படத்தைக் கேபிள் இல்லாமல் வானலையில் அனுப்பும் முறை அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: வயர்லெஸ்ஸில் படம் எவ்வளவு உடைந்தாலும் கமராவின் கார்டில் பதிவாகும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த உடைந்த படத்தை நம்பி ஃபோகஸையும் ஒளியளவையும் முடிவு செய்தால், அந்தப் பிழை கார்டில் ஏறிவிடும். எதை வயர்லெஸ் படத்தில் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதே கீழுள்ள பதில்கள் பலவற்றின் அடிப்படை.

லொக்கில் படம்பிடிக்கிறோம். கமராவின் சிறு திரையில் மாலை வானம் வழவழப்பாக இருக்கிறது. இயக்குநரின் மொனிட்டரில் அதே வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது, நிழல்கள் சதுரம் சதுரமாக உடைகின்றன. மொனிட்டர் பிழையா, லட் பிழையா?
– குறும்பட ஒளிப்பதிவாளர், வெள்ளவத்தை

மொனிட்டரும் சரி, லட்டும் சரி. லட் போடும் இடம்தான் பிழை. (லொக் என்பது ஒளி விவரங்களைக் காப்பதற்காகப் படத்தை வெளிறிய தோற்றத்தில் பதியும் முறை; லட் என்பது அதை இயல்பான தோற்றத்துக்கு மாற்றிக் காட்டும் அட்டவணை.)

கணக்கைப் பாருங்கள். 1920×1080 அளவில், 10 பிட், 4:2:2 நிறத்தோடு, செக்கனுக்கு 25 பிரேம் அனுப்ப ஏறத்தாழ 1,037 மெகாபிட் வேண்டும். விலை குறைந்த வயர்லெஸ் பெட்டிகள் அதை எச்.264 முறையில் சுருக்கி, 8 முதல் 12 மெகாபிட்டுக்குள் அனுப்புகின்றன. 12 என்றே வைத்தாலும், மிஞ்சுவது எண்பத்தாறில் ஒரு பங்கு. முதலில் நிறத்தின் நுணுக்கம் போகும். 4:2:2 என்பது 4:2:0 ஆகும், அதாவது நிற விவரம் பாதியாகும். அடுத்து ஒளியின் படிகள்: 10 பிட்டில் 1,024 இருந்தது 8 பிட்டில் 256 ஆகும். அதன் பிறகும் இடம் போதாவிட்டால் அரைநிழலில் இருக்கும் சின்னச் சின்ன விவரங்கள் போகும். அங்கேதான் சதுரங்கள் முளைக்கின்றன.

லொக் படத்தில் ஒளி முழுவதும் நடுவில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். வானத்தின் மேலிருந்து அடிவானம் வரையான வேறுபாடு 8 பிட்டில் பத்துப் படிக்குள் அடங்கிவிட்டது என்று வையுங்கள். மொனிட்டரில் ஏற்றிய லட் அந்தப் பத்தையும் இருபத்தைந்து படி அகலத்துக்கு இழுக்கும். இடையில் புதிய படிகள் எங்கிருந்தும் வராது. நீங்கள் காணும் பட்டை அந்த இடைவெளிதான்.

ஆகவே லட்டைக் கமராவிலேயே, சுருக்கத்துக்கு முன்னால் போடுங்கள். கமராவின் வெளியீடு ரெக் 709 (சாதாரணத் திரைகளுக்கான நிற முறை) ஆக வரட்டும், பதிவு லொக்கில் நடக்கட்டும், மொனிட்டரின் லட்டை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் ஒரே படத்தில் லட் இரண்டு தரம் ஏறி, முகம் கருகி நிற்கும். பிளாக்மஜிக் பொக்கெட் கமராக்களில் எச்டிஎம்ஐ வெளியீட்டில் லட்டைக் காட்டுவதற்கு ஒரு சுவிட்சும், லட்டைக் கோப்பில் பதிப்பதற்கு வேறொரு சுவிட்சும் உண்டு. முதலாவது ஒன், இரண்டாவது ஓஃப். படப்பிடிப்புக்கு முதல் நாள் ஒரு சிறு துண்டு பதிந்து கணினியில் திறந்து, பதிவு லொக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைச் செய்தாலும் சில காட்சிகளில் படம் உடையும். காலி முகத்திடலில் அலையை நோக்கி கமரா திரும்பும்போதும், காற்றில் இலைகள் ஆடும்போதும், பூத்தூவும்போதும், ஒவ்வொரு பிரேமிலும் திரை முழுவதும் மாறுகிறது. 12 மெகாபிட் அதற்குப் போதாது. இரவில் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் வரும் மணல் போன்ற இரைச்சலும் அப்படியே; சுருக்கும் சிப்புக்கு அது இரைச்சல் என்று தெரியாது, அதையும் விவரமாக எண்ணி பிட்களைச் செலவழிக்கும். பெட்டியில் பிட்ரேட் தெரிவு இருந்தால் உச்சத்தில் வையுங்கள். கைபேசிச் செயலியில் பார்ப்பவர்கள் கூடும்போது தரத்தைக் குறைக்கும் பெட்டிகளும் உண்டு. உதவி இயக்குநர், ஒப்பனைக் கலைஞர், தயாரிப்பாளர் எல்லோரும் கைபேசியில் பார்க்க வேண்டியதில்லை.

ஒளியளவை கமரா பக்கத்து வேவ்ஃபோர்மில் (ஒளியளவை வரைபடமாகக் காட்டும் கருவியில்) மட்டும் பாருங்கள். ரெக் 709 ஆக வந்த படத்துக்கு மொனிட்டரின் ஃபோல்ஸ் கலர் (ஒளியளவை நிறங்களால் குறிக்கும் வசதி) காட்டும் நிறங்கள் லொக் படத்துக்குரிய எல்லைகளோடு பொருந்தா. வெளிச்சம் எரிந்துவிட்டது என்று அது காட்டும் இடத்தில், லொக்கில் இன்னும் மிச்சம் இருக்கலாம்.

85 மி.மீ லென்ஸ், டி2 திறப்பு. நடிகை கமராவை நோக்கி நடந்து வருகிறார். மொனிட்டரைப் பார்த்து ஃபோகஸ் இழுக்கிறேன். பார்க்கும்போது சரியாகத் தெரிகிறது. கணினியில் பார்த்தால் கண் மங்கி, காது கூர்மையாக இருக்கிறது. பீக்கிங் (கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி) கூடப் போட்டிருந்தேன்.
– உதவி ஒளிப்பதிவாளர், கொட்டாஞ்சேனை

உங்கள் கையில் பிழை இல்லை. நீங்கள் பார்த்தது கொஞ்ச நேரத்துக்கு முந்திய படம்.

சூப்பர் 35 சென்சரில் 85 மி.மீ, டி2, 2 மீற்றர் தூரம் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமாக 5, 6 சென்ரிமீற்றர்தான். சுருக்கி அனுப்பும் பெட்டிகளின் தாமதம் பொதுவாக 50 முதல் 80 மில்லிசெக்கன். சாதாரணமாக நடப்பவர் செக்கனுக்கு 1.4 மீற்றர் முன்னேறுவார். 80 மில்லிசெக்கனில் அது 11 சென்ரிமீற்றர். திரையில் அவர் கண் கூர்மையாகத் தெரியும்போது, உண்மையில் அவர் உங்கள் ஃபோகஸ் ஆழத்தைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் காது கூர்மையானது அதனால்தான். மொனிட்டரின் சொந்தத் தாமதமும் இதன் மேல் கூடும்.

உங்கள் பெட்டியின் தாமதத்தை நீங்களே அளக்கலாம். ஒரு கைபேசியில் மில்லிசெக்கன் காட்டும் ஸ்டொப்வொட்சை ஓடவிட்டு, கமராவை அதன் மேல் வையுங்கள். ரிசீவரில் இணைத்த மொனிட்டரை அந்தக் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு கைபேசியால் புகைப்படம் எடுங்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசமே லென்ஸிலிருந்து திரை வரையான முழுத் தாமதம். கைபேசித் திரை செக்கனுக்கு 60 தரம்தான் புதுப்பிக்கப்படுவதால் ஒரு படத்தில் 16, 17 மில்லிசெக்கன் வரை பிசகலாம். பத்துப் படம் எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு வயர்லெஸ்ஸைக் கழற்றி, அதே மொனிட்டரை கேபிளில் போட்டு மறுபடி எடுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வயர்லெஸ்ஸின் பங்கு மட்டும் கிடைக்கும்.

பீக்கிங்கைப் பற்றி: அது நுண்ணிய விளிம்புகளைத் தேடும் கருவி. சுருக்கத்தில் முதலில் மழுங்குவது அந்த விளிம்புகளே. போதாததற்கு, சுருக்கச் சதுரங்களின் ஓரங்களையும் விளிம்பு என்று எண்ணி அது மினுக்கும். ரிசீவர் பக்கத்துப் பீக்கிங்கை நம்பி இழுக்க வேண்டாம்.

மூன்று வழிகள் உண்டு. அசையாத கமரா என்றால் ஃபோகஸ் மொனிட்டருக்கு மட்டும் எஸ்டிஐ (தொழில்முறை வீடியோ) கேபிள் இழுங்கள். நல்ல 75 ஓம் கேபிளில் 20, 30 மீற்றர் சிரமமின்றிப் போகும். கிம்பலில் (ஆட்டத்தைச் சமப்படுத்தும் தாங்கியில்) ஓடும் கமரா என்றால், டெராடெக் போல்ட் போன்ற தாமதமற்ற வகையை அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். அதன் தாமதம் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவு. இயக்குநரின் மொனிட்டருக்கு விலை குறைந்த பெட்டியே போதும். வரவுசெலவில் ஒரேயொரு நல்ல இணைப்புக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் அதை ஃபோகஸ் இழுப்பவருக்குக் கொடுங்கள், தயாரிப்பாளர் பார்க்கும் பெரிய திரைக்கு அல்ல. அதுவும் முடியாவிட்டால் தரையில் அடையாளம் ஒட்டி, நாடா பிடித்துத் தூரம் அளந்து, ஆளைப் பார்த்து இழுக்கும் பழைய முறை இருக்கிறது. தாமதமுள்ள திரையைவிட அது எவ்வளவோ மேல்.

தாமதமற்ற வகை எப்படி வேலை செய்கிறது என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். அமிமொன் நிறுவனத்தின் சிப்பை வைத்து வந்த முறை அது. பல பிரேம்களைச் சேர்த்து வைத்துச் சுருக்குவதில்லை. படத்தின் பெரிய உருவங்களைக் கெட்டியாகவும், நுண்ணிய விவரங்களைச் சற்று இளக்கமாகவும் அலையில் ஏற்றி உடனுக்குடன் அனுப்புகிறது. சிக்னல் குறைந்தால் படம் உறையாது. மணல் தூவியது போல இரைச்சல் கூடும். படம் கெடத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரிவதால் ரிசீவரை நகர்த்த நேரம் கிடைக்கும்.

பெட்டியில் 120 மீற்றர் என்று போட்டிருக்கிறது. செட்டியார் தெருவில் 20 மீற்றரிலேயே படம் உறைந்து உறைந்து வந்தது. காலையில் ஆள் இல்லாத நேரம் சோதித்தபோது நன்றாகத்தான் இருந்தது.
– பாடல் காட்சித் தயாரிப்புக் குழு, புறக்கோட்டை

பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளியில், இடையில் எதுவும் இல்லாமல், வேறு அலைகள் இல்லாத இடத்தில் அளந்தது. செட்டியார் தெருவில் இந்த மூன்றுமே இல்லை.

பெரும்பாலான பெட்டிகள் வேலை செய்வது 5 கிகாஹேர்ட்ஸ் வட்டத்தில். இருபுறமும் நகைக்கடைகளின் வைஃபை, மேல்மாடி அலுவலகங்களின் ரவுட்டர், கூட்டத்தில் ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி எல்லாம் அதே இடத்தில் நெருக்குகின்றன. காலையில் சனல் ஸ்கேன் செய்து தெரிவுசெய்த காலி இடம், கடைகள் திறந்ததும் நிரம்பிவிடும். ஸ்கேனைக் கூட்டம் வந்த பிறகு, ரிசீவர் நிற்கப்போகும் இடத்திலேயே செய்யுங்கள். அண்ட்ரொய்ட் கைபேசியில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டால் எந்தச் சனலில் நெரிசல் என்று பார்க்கலாம். வீட்டு ரவுட்டர்கள் பல 36 முதல் 48 வரையான சனல்களில் குந்தியிருக்கும். 149க்கு மேல் பல இடங்களில் இடம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அந்தச் செயலி வைஃபையை மட்டும்தான் காட்டும். அருகில் வேறொரு குழு தாமதமற்ற வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால் அது அதில் தெரியாது. நேரில் போய்க் கேட்டு, சனலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் குழுவினரின் ஹொட்ஸ்பொட்களையும் அணைக்கச் சொல்லுங்கள்.

சில பெட்டிகள் 5250–5350, 5470–5725 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளையும் பயன்படுத்தும். அங்கே ரேடார்களுக்கே முன்னுரிமை. பெட்டி தொடங்கும்போது குறைந்தது 60 செக்கன் கேட்டிருந்துவிட்டுத்தான் அனுப்பத் தொடங்கும்; இடையில் ரேடார் துடிப்பு என்று ஏதாவது பட்டால் 10 செக்கனுக்குள் அந்தச் சனலை விட்டு விலகிவிடும். நடு ஷொட்டில் காரணமே இல்லாமல் படம் மறைந்து, நேரம் கழித்து வேறு சனலில் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். டிஎஃப்எஸ் என்று பட்டியலில் இருக்கும் தெரிவை அணைத்தால் இந்தப் பகுதிகளைப் பெட்டி தொடாது.

அடுத்தது உயரம். இந்த அலை நூல் பிடித்தது போல் ஒரு கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு வெளி அதற்கு வேண்டும். 5.8 கிகாஹேர்ட்ஸில், 50 மீற்றர் தூரத்துக்கு நடுவழியில் அந்த வெளியின் ஆரம் 80 சென்ரிமீற்றர், 100 மீற்றருக்கு 1.1 மீற்றர். மனித உடம்பில் பெரும்பகுதி நீர், அது இந்த அலையை விழுங்கும். ரிசீவரை மேசையில் வைத்தால் கூட்டம் முழுவதும் அந்த வெளிக்குள் நிற்கிறது. லைட் ஸ்டாண்டில் 3 மீற்றருக்கு உயர்த்துங்கள். மணல் மூட்டை போட்டு ஸ்டாண்டை இறுக்குங்கள். உயர்த்தும்போது பலர் செய்யும் பிழை, ரிசீவரைக் கீழே வைத்து அன்டெனாவை மட்டும் நீளமான வயரில் மேலே கொண்டுபோவது. மெல்லிய அன்டெனா வயர் இந்த அலைவரிசையில் ஒரு மீற்றருக்கு ஒரு டெசிபலுக்கும் மேல் தின்னும். தூரம் இரட்டிப்பானால் இழப்பது 6 டெசிபல். அந்தளவு நான்கைந்து மீற்றர் வயரிலேயே போய்விடும். ரிசீவரையே மேலே ஏற்றி, எஸ்டிஐ கேபிளைக் கீழே இறக்குங்கள்.

குச்சி அன்டெனாக்கள் பக்கவாட்டில்தான் பலமாக வீசும், நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. ட்ரான்ஸ்மிட்டரின் குச்சிகள் ரிசீவரைச் சுட்டிக்கொண்டு படுத்திருந்தால் பலவீனமான பக்கத்தைக் காட்டுகிறீர்கள். இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கட்டும். பல குச்சிகள் இருந்தால் சற்று விரித்துவிடுங்கள். கிம்பல் பிடிப்பவர் ரிசீவருக்கு முதுகு காட்டும் ஷொட் என்றால் ரிசீவரைத் தெருவின் மறுமுனைக்கு மாற்றுங்கள்.

கடைகளின் இரும்பு ஷட்டர்கள் அலையைத் திருப்பி எறியும். நேராக வந்ததும் திரும்பி வந்ததும் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் தெருவெங்கும் உண்டு. அலையின் நீளமே 5 சென்ரிமீற்றர் என்பதால், ரிசீவரை ஒரு சாண் நகர்த்தினாலே படம் திரும்பி வரலாம். ஸ்டாண்டைக் கழற்றி வேறிடம் தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மழையில் வயர்லெஸ் வேலை செய்யுமா?
– பம்பலப்பிட்டி

செய்யும். 100, 200 மீற்றருக்குள் மழைத்துளிகளால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு வரும் இழப்பு கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. நனைந்த இலை, நனைந்த ஆடை, நீர் தேங்கிய கூடாரத் துணி, இரும்புக் கம்பிக் குடை ஆகியவைதான் மறைக்கும். பொலித்தீன் போடும்போது அன்டெனாவில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், வாயைக் கீழ்ப்பக்கம் திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் கொழும்பு வெக்கையில் ட்ரான்ஸ்மிட்டர் சூடேறி அணைந்துவிடும். ஏசி வாகனத்திலிருந்து இறக்கிய பெட்டியை அரை மணி நேரம் பையிலேயே மூடி வைத்துவிட்டு எடுத்தால் உள்ளே ஈரம் படியாது.

படம் கெடும்போது தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் உடனே “சிக்னல் இல்லை” என்கிறார்கள்.
– வாடகைக் கருவி நிலைய ஊழியர், தெஹிவளை

படம் எப்படிக் கெடுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். வெள்ளையாகவோ நிறமாகவோ பொட்டுப் பொட்டாக மினுங்கினால் அது வானலை இல்லை, எச்டிஎம்ஐ கேபிள் அல்லது அது செருகும் ஓட்டை. சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, பிறகு தாவினால் சுருக்கி அனுப்பும் வகையில் தரவுப் பொதிகள் தொலைந்திருக்கின்றன. மணல் போல இரைச்சல் கூடினால் தாமதமற்ற வகையில் சிக்னல் குறைகிறது. முழுப் படமும் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் ஒரு பக்கம் அனுப்பும் நிற முறையை மறுபக்கம் வேறாகப் படிக்கிறது. இருபக்கமும் அணைத்து, ரிசீவர், ட்ரான்ஸ்மிட்டர், கமரா என்ற வரிசையில் மறுபடி போட்டுப் பாருங்கள். சில செக்கனுக்கு ஒருமுறை திரை கறுத்து வந்தால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது கமரா அனுப்பும் பிரேம் வேகத்தைப் பெட்டி ஏற்கவில்லை.

உறுதிசெய்ய, கமராவிலிருந்து ட்ரான்ஸ்மிட்டருக்குப் போகும் அதே கேபிளைக் கழற்றி நேரே மொனிட்டரில் செருகி, இணைப்பியை மெல்ல அசையுங்கள். மைக்ரோ எச்டிஎம்ஐ ஓட்டை உள்ள கமராக்களில் பாதித் தவறுகள் இங்கேயே பிடிபடும். அதில் குறை இல்லை என்றால் ட்ரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் 3 மீற்றர் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். அரை மீற்றருக்குள் வைக்காதீர்கள்; மிதமிஞ்சிய சிக்னலில் ரிசீவர் திணறும். அங்கேயும் உடைந்தால் புதிய பற்றரி போடுங்கள், அன்டெனாக்களைக் கழற்றி இணைப்பியின் நடுவைப் பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒன்றில் ஒன்று திருகி இறுகும், ஆனால் இரு நடுவிலும் துளை மட்டும் இருந்தால் எதுவும் தொடாது. இருபுறமும் ஊசி இருந்தால் ஒன்று நசுங்கும். உதிரி அன்டெனா வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீடியோ ஒழுங்காக வருகிறது, ஆனால் ஃபோலோ ஃபோகஸ் மோட்டார் (லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தூரத்திலிருந்து திருப்புவது) இடையிடையே நின்று நின்று சுழல்கிறது.
– கல்கிசை

கமராவில் யுஎஸ்பி எஸ்எஸ்டி மாட்டியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 3 கேபிளும் டிரைவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வட்டத்தில் இரைச்சல் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஃபோலோ ஃபோகஸ் கருவிகளில் பல வேலை செய்வது அதே 2.4இல். எஸ்எஸ்டியைக் கமராவின் ஒரு பக்கத்திலும் மோட்டாரை மறுபக்கத்திலும் வையுங்கள், கேபிளைக் குட்டையான, நன்றாகக் கவசமிட்டதாக மாற்றுங்கள். உங்கள் வீடியோ பெட்டி 2.4, 5 இரண்டிலும் ஓடும் வகை என்றால் 5இல் மட்டும் நிறுத்துங்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக்குகளிலும் பல 2.4 என்பதை ஒலிப்பதிவாளருக்கும் சொல்லிவையுங்கள்.

கறுப்புச் சேலை மொனிட்டரில் சாம்பலாகத் தெரிகிறது. கேபிளில் போட்டால் சரி.
– விளம்பரப்பட இயக்குநர், கொழும்பு 7

வீடியோவில் கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் நிற்கும். கணினி வழக்கத்தில் 0, 255. பெட்டி ஒன்றை அனுப்ப மொனிட்டர் மற்றதை எதிர்பார்த்தால் கறுப்பு வெளிறும், அல்லது நிழல் முழுவதும் கறுப்பில் மூழ்கும். எச்டிஎம்ஐயில் நுழைந்து எஸ்டிஐயில் வெளியேறும் இணைப்புகளில் இது அடிக்கடி நடக்கும். கமராவிலிருந்து கலர் பார்களை வயர்லெஸ் வழியாகவே அனுப்பி, கீழ்மூலையில் இருக்கும் மூன்று கறுப்புப் பட்டைகளைப் பாருங்கள். இடதும் நடுவும் ஒன்றாகக் கலந்து, வலது மட்டும் மயிரிழையளவு தெரிந்தால் சரி. மூன்றும் தெரிந்தால் மொனிட்டரின் ரேஞ்ச் தெரிவை மாற்றுங்கள். பிரைட்னஸைத் தொட்டுச் சரிக்கட்ட வேண்டாம். கறுப்பு சரியாகும், முகம் பிழையாகிவிடும்.

அரங்கேற்றத்துக்கு மூன்று கமரா, ஏடெம் மினி சுவிட்சர். மேடைக்குக் கீழே நடமாடும் கமரா மட்டும் வயர்லெஸ். ஜதி வரும்போது அந்தக் கமராவுக்கு மாறினால் கால் தாளத்துக்குப் பிந்துகிறது.
– நிகழ்ச்சி ஒளிப்பதிவாளர், வெள்ளவத்தை

80 மில்லிசெக்கன் என்பது 25 பிரேமில் இரண்டு பிரேம். ஒலி படத்துக்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலே மனிதர் கவனிக்கத் தொடங்குவர் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. மிருதங்கமும் சலங்கையும் சேரும் இடத்தில் சாதாரணப் பார்வையாளருக்கும் அது உறுத்தும்.

ஏடெம் மினியின் மைக் உள்ளீட்டில் 1 முதல் 8 பிரேம் வரை தாமதம் வைக்கலாம். ஒலியை வயர்லெஸ் கமராவுக்கு ஏற்றபடி தாமதித்தால் கேபிள் கமராக்களில் ஒலி பிந்தும். ஆனால் ஒலி கொஞ்சம் பிந்துவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், முந்துவதைத்தான் பொறுக்காது. ஆகவே வயர்லெஸ்ஸுக்குப் பொருத்தி வைப்பதே நல்லது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மூன்று கமராவையும் ஒரே வகை வயர்லெஸ்ஸில் போட்டு எல்லாத் தாமதத்தையும் சமமாக்கலாம், சனல்கள் போதுமான மண்டபம் என்றால். ஜதிகளின்போது முழு உருவத்தைக் கேபிள் கமராவில் வைத்து, வயர்லெஸ்ஸை அபிநயத்துக்கும் முக பாவத்துக்கும் ஒதுக்குவது எங்கள் விருப்பம். அங்கே இரண்டு பிரேம் யாருக்கும் தெரியாது. சரிபார்க்க, அரங்கு திறக்குமுன் ஒருவரை மேடையில் கைதட்டச் சொல்லிப் பதிந்து, பிரேம் பிரேமாகப் பாருங்கள்.

எல்ஈடி திரைக்குப் பின்னால் ரிசீவரை வைக்காதீர்கள். சுவிட்சரில் பதிவதை மட்டும் நம்பாமல், வயர்லெஸ் கமராவின் கார்டிலும் முழு நிகழ்ச்சியையும் பதியுங்கள். குடும்பத்துக்குக் கொடுக்கும் இறுதிப் பிரதியை அந்தக் கார்டிலிருந்தே தொகுக்க வேண்டும்.

ட்ரான்ஸ்மிட்டரை மாற்றி மாட்டியபோது கமராவின் எஸ்டிஐ வெளியீடு எரிந்துவிட்டது. கேபிள் செருகியதற்கே எரியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

எரியும். கமராவும் ட்ரான்ஸ்மிட்டரும் ஒரே பற்றரியிலிருந்து டி-டப் (பற்றரியின் மின் வெளியீட்டுச் செருகி) வழியாக மின்சாரம் எடுக்கும்போது இந்த ஆபத்து அதிகம். எஸ்டிஐ ஏற்கெனவே செருகியிருக்க, டி-டப்பைப் பிறகு செருகுகிறீர்கள். நேர்முனை முதலில் தொட்டு எதிர்முனை இன்னும் தொடாத அந்தக் கணத்தில், மின்னோட்டம் திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி எஸ்டிஐ கேபிள். கமராவின் எஸ்டிஐ சிப் அதைத் தாங்காது. டி-டப் இளகியிருந்தாலும் இதே கதி. மலிவான டி-டப்களைத் தலைகீழாக அழுத்திச் செருகவும் முடிகிறது என்பது இன்னொரு கேடு.

ஆரி நிறுவனம் தன் கமராக்களுக்குச் சொல்லும் வரிசையை எல்லாக் கமராவுக்கும் கடைப்பிடியுங்கள்: மாட்டும்போது முதலில் மின்கேபிள், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு மின்கேபிள். பற்றரி மாற்றும்போதும் எஸ்டிஐயைக் கழற்றிவிடுங்கள். பூட்டும் வகை மின் இணைப்பி இருந்தால் அதையே எடுங்கள். ட்ரான்ஸ்மிட்டருக்குத் தனியாக ஒரு என்பி-எஃப் பற்றரி போட்டால் இந்தத் திரும்பு பாதையே இருக்காது. கொஞ்சம் எடை கூடும், கிம்பலை மறுபடி சமப்படுத்த வேண்டும். ஆனால் எஸ்டிஐ போர்ட் மாற்றும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு செட் வாங்கி வரலாமா?
– கொழும்பு 13

வானலைக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாங்குவதற்கு முன், மொடல் இலக்கம், அலைவரிசை எல்லை, வெளியீட்டு வலு மூன்றும் எழுதிய தரவுத்தாளோடு எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பெட்டி சுங்கத்தில் நிற்கும். ட்ரோன் பந்தயத்துக்கென விற்கும் அதிக வலுவுள்ள மலிவு ட்ரான்ஸ்மிட்டர்களை மட்டும் எடுத்து வராதீர்கள். பக்கத்துத் தொடர்மாடியின் வைஃபையைக் குலைப்பதோடு, உங்கள் குழுவின் மற்ற ரிசீவர்களையும் அவை திணறடிக்கும்.